அட்மின் உரிமை கொடுக்காமல் லேப்டாப்பில் ஐபி மாற்ற அனுமதிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அலுவலக லேப்டாப்களில் யாருக்கும் அட்மின் உரிமை கிடையாது. ஆனால் சைட்டுக்குப் போகும் பொறியாளர்கள் கன்ட்ரோலர், கேமரா, ஸ்விட்ச் போன்றவற்றோடு நேரடியாகக் கேபிள் இணைத்து வேலை செய்ய, ஐபி அட்ரஸை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடுகிறார்கள். அவர்களை லோக்கல் அட்மின் ஆக்காமல் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுமதி கொடுக்க முடியுமா? லேப்டாப்களில் பெரும்பாலானவை விண்டோஸ். கொஞ்சம் மேக், கொஞ்சம் லினக்ஸ்.

முடியும். விண்டோஸில் இதற்கென்றே ஒரு குரூப் இருக்கிறது. ஆனால் அதை நேராக எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், அவர்களுக்கு உண்மையில் எது தேவை என்று ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். நெட்வொர்க் உரிமை வேண்டும் என்று வரும் கோரிக்கைகளில் பல, உரிமையே தேவைப்படாத வேலைகள்.

சாதாரணப் பயனர் இப்போதே செய்யக்கூடியவை: புதிய வைஃபையில் சேர்வது, ஏரோபிளேன் மோடு, தன் கணக்குக்கான பிராக்ஸியை மாற்றுவது, தனக்கென்று ஒரு விபிஎன் இணைப்பு உருவாக்குவது. இவற்றுக்கு அட்மின் தேவையில்லை. ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் வரவில்லை என்ற புகாரும் பெரும்பாலும் உரிமைப் பிரச்சினை அல்ல. யாரோ முன்பு கையால் வெளி டிஎன்எஸ் (பெயரை ஐபி அட்ரஸாக மாற்றித் தரும் சர்வர்) போட்டுவிட்டிருப்பார்கள், அல்லது எப்போதும் இயங்கும் விபிஎன் அந்தப் பக்கத்தை மறித்துக்கொண்டிருக்கும். அட்மின் உரிமை கொடுத்தாலும் அது தீராது.

உரிமை உண்மையிலேயே தேவைப்படுவது அடாப்டரின் (நெட்வொர்க் இணைப்புச் சாதனத்தின்) ஐபி அட்ரஸ், சப்நெட் மாஸ்க் (அட்ரஸ் வரிசையின் எல்லையைக் குறிக்கும் எண்), கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாசல்), டிஎன்எஸ் ஆகியவற்றை மாற்றவும், அடாப்டரை அணைத்துப் போடவும்தான். இதற்காக லோக்கல் அட்மின் கொடுப்பது, ஓர் அறைக்கு வழி கேட்டவரிடம் கொத்துச்சாவியையே நீட்டுவது. அட்மின் ஆனவர் ஆன்டிவைரஸை நிறுத்தலாம், எந்த மென்பொருளையும் நிறுவலாம், அந்த லேப்டாப்பில் வேறு யார் உள்நுழைந்திருந்தாலும் அவர்களின் அடையாளத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் தவறிக் கிளிக் செய்த ஒரு கோப்பு அதே உரிமையோடுதான் ஓடும்.

உரிமையே கொடுக்காமல் முடிகிற வழிகள்

சைட்டில் தேவைப்படுவது ஒன்றிரண்டு நிலையான அட்ரஸ்கள்தான் என்றால், இங்கேயே வேலை முடிந்துவிடும்.

முதல் வழி, பலர் கண்ணில் படாமல் கிடக்கும் ஒரு டேப். விண்டோஸில் ரன் பெட்டியில் என்சிபிஏ.சிபிஎல் என்று அடித்தால் பழைய நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் ஜன்னல் திறக்கும். ஈதர்நெட்டின் பிராப்பர்ட்டிஸ், அதில் ஐபிவி4, மறுபடி பிராப்பர்ட்டிஸ். ஐபியைத் தானாகப் பெறு என்ற தேர்வு இருக்கும்போது மட்டும் மேலே ‘அல்டர்நேட் கான்ஃபிகரேஷன்’ என்று இரண்டாவது டேப் தெரியும். டிஹெச்சிபி சர்வர் (தானாக அட்ரஸ் வழங்கும் சர்வர்) பதில் சொல்லாவிட்டால் லேப்டாப் என்ன அட்ரஸ் எடுக்க வேண்டும் என்பதை அங்கே குறிக்கலாம். ஒன்றும் குறிக்காவிட்டால் 169.254 என்று தொடங்கும் தற்காலிக அட்ரஸ் வரும். இயந்திரங்கள் எல்லாம் 192.168.1 வரிசையில் இருந்தால் அங்கே 192.168.1.240, மாஸ்க் 255.255.255.0 என்று போட்டு, கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடுங்கள். அட்மின் ஒருமுறை இதைச் செய்துவிட்டால், அலுவலகத்தில் கேபிள் செருகினால் டிஹெச்சிபி, இயந்திரத்தில் செருகினால் 192.168.1.240. பயனர் எதையும் தொட வேண்டியதில்லை.

இதில் இரண்டு குறைகள் உண்டு. டிஹெச்சிபியைத் தேடி ஓய்ந்த பிறகுதான் மாற்று அட்ரஸ் வரும். கேபிள் செருகியவுடன் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டக் கூடாது, ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். அடுத்தது, சைட்டில் ஏதாவது ஒரு ரவுட்டர் டிஹெச்சிபி கொடுத்தால் லேப்டாப் அதையே எடுத்துக்கொள்ளும். மாற்று அட்ரஸ் வராது.

இரண்டாவது வழி, சைட் வேலைக்கென்று தனியாக ஒரு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர். ஐபி அமைப்பு லேப்டாப்புக்கு உரியதல்ல, ஒவ்வொரு அடாப்டருக்கும் தனித்தனி. அதனால் யூஎஸ்பி அடாப்டருக்கு மட்டும் நிலையான அட்ரஸ் போட்டுவிட்டு, லேப்டாப்பின் சொந்த ஈதர்நெட்டை டிஹெச்சிபியிலேயே விடலாம். இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீரியல் எண் இல்லாத யூஎஸ்பி அடாப்டரை வேறொரு யூஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய சாதனம் என்று எண்ணி ‘ஈதர்நெட் 3’ என்று இன்னொரு இணைப்பை உருவாக்கும். போட்ட அட்ரஸ் பழைய பெயரிலேயே தங்கிவிடும். ‘நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை’ என்ற அழைப்புக்கு முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும். வாங்கும்போது ஒரு அடாப்டரை இரண்டு துளைகளிலும் மாற்றிச் செருகிப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள். இல்லையென்றால் எந்தத் துளை என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

அந்த அடாப்டரில் கேட்வே போடவே கூடாது. போட்டால் லேப்டாப்பில் இரண்டு டீஃபால்ட் வழிகள் உருவாகி, இன்டர்நெட்டுக்குப் போக வேண்டிய போக்குவரத்து எதிரே இருக்கும் இயந்திரத்தை நோக்கிப் போய் அங்கேயே நின்றுவிடும். வைஃபையும் இயந்திரமும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தாலும் சிக்கல்தான்: மெட்ரிக் எண் (இணைப்பின் முன்னுரிமை எண்) குறைந்த இணைப்பைத்தான் விண்டோஸ் எடுக்கும், பிங் வைஃபை பக்கம் போய்த் தொலையலாம். அந்த நேரத்துக்கு வைஃபையை அணைப்பதே நேரான தீர்வு, அதற்கு உரிமையும் வேண்டாம்.

மூன்றாவது, ஒரே அடாப்டரில் டிஹெச்சிபியும் நிலையான அட்ரஸும் சேர்ந்து இருப்பது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து நெட்ஷெல் கட்டளை வழியாக இதைச் செய்யலாம். ‘டிஹெச்சிபி ஸ்டேட்டிக் ஐபி கோஎக்ஸிஸ்டன்ஸ்’ என்ற அமைப்பை அந்த இணைப்புக்கு இயக்கிவிட்டு, பிறகு கூடுதல் அட்ரஸைச் சேர்க்க வேண்டும். வழக்கமான ஜன்னலில் இந்தத் தேர்வு தெரியாது. ஆனால் அந்தக் கூடுதல் அட்ரஸ் அலுவலக நெட்வொர்க்கிலும் கூடவே வரும். அலுவலகமும் அதே வரிசையைப் பயன்படுத்தினால் இந்த வழியைத் தொடாதீர்கள்.

மேக்கில் இது இன்னும் எளிது. ஒரே ஈதர்நெட் துளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சர்வீஸ்களை உருவாக்கலாம்: ஒன்று டிஹெச்சிபி, அதன் நகல் ஒன்று கைமுறை அட்ரஸ். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும். டிஹெச்சிபி சர்வீஸ் வரிசையில் மேலே இருக்கட்டும். அட்மின் ஒருமுறை செய்து கொடுத்தால் போதும்.

லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் இருந்தால் இந்தத் தேவைக்கு அது அளவெடுத்துத் தைத்தது மாதிரி. ஒரே துளைக்கு ‘ஆபீஸ்’, ‘சைட்’ என்று இரண்டு புரொஃபைல்களை அட்மின் உருவாக்கி வைக்கிறார். பல லினக்ஸ் வகைகளில் புரொஃபைலைத் திருத்த அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். ஆனால் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு, இருக்கும் புரொஃபைல்களுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற இயல்பாகவே அனுமதி உண்டு. சைட் புரொஃபைலில் இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள்: தானாக இணைவதை அணைக்க வேண்டும், ‘நெவர் டீஃபால்ட்’ என்பதை இயக்க வேண்டும். முதலாவதை விட்டால் அலுவலகத்தில் கேபிள் செருகும்போது சைட் புரொஃபைல் முந்திக்கொள்ளலாம்; இரண்டாவது, அந்த இணைப்பு வழியாக இன்டர்நெட்டைத் தேடாமல் பார்த்துக்கொள்ளும்.

அட்ரஸ் முன்கூட்டியே தெரியாதபோது

ஒவ்வொரு சைட்டிலும் ஒவ்வொரு வரிசை, அங்கே போய்த்தான் தெரியும் என்றால் மேலே சொன்னவை போதாது. அப்போதுதான் விண்டோஸின் ‘நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்’ குரூப். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இருக்கிறது. இதில் இருப்பவர் ஐபி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் மாற்றலாம். அடாப்டரை இயக்கலாம், அணைக்கலாம். இணைப்பின் பெயரை மாற்றலாம். டிஹெச்சிபி அட்ரஸை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கலாம். மென்பொருள் நிறுவ முடியாது, டிரைவர் மாற்ற முடியாது, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்த முடியாது.

குரூப்பின் பெயர் விண்டோஸின் மொழிக்கு ஏற்ப மாறும். அதனால் ஸ்கிரிப்ட் எழுதும்போது பெயரை நம்பாமல் அதன் நிரந்தர அடையாளமான எஸ்-1-5-32-556 என்பதைப் பயன்படுத்துங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிறுவனத்தின் பயனர், கணினிப் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியைத் திறந்தால் ‘பில்ட்இன்’ என்ற பிரிவுக்குள் இதே பெயரில் ஒரு குரூப் தெரியும். பொறியாளர்களை அதில் சேர்த்தால் லேப்டாப்களில் எதுவும் மாறாது. அது டொமைன் கன்ட்ரோலர்களுக்கு (டொமைனை, அதாவது நிறுவனத்தின் பொதுக் கணக்கு அமைப்பை, நடத்தும் சர்வர்களுக்கு) உரிய குரூப். அவர்களுக்கு உரிமை கிடைப்பது, கிடைக்கவே கூடாத இடத்தில். யாராவது இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று இன்றே திறந்து பாருங்கள். அந்தக் குரூப் காலியாக இருப்பதுதான் சரி.

சரியான வழி: டொமைனில் நீங்களே ஒரு சாதாரண செக்யூரிட்டி குரூப்பை, ‘சைட் பொறியாளர்கள்’ என்பது போல, உருவாக்குங்கள். லேப்டாப்கள் இருக்கும் ஓயு-வுக்கு (ஆக்டிவ் டைரக்டரியின் உட்பிரிவு) ஒரு குரூப் பாலிசி (மையத்திலிருந்து கணினிகளுக்கு அனுப்பும் அமைப்புகள்). அதில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், பிரிஃபரன்சஸ், கண்ட்ரோல் பேனல் செட்டிங்ஸ், லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் என்று போய் அந்த ஆபரேட்டர்ஸ் குரூப்புக்கு ஒரு லோக்கல் குரூப் பதிவைச் சேருங்கள். ஆக்‌ஷன் ‘அப்டேட்’. உறுப்பினராக உங்கள் டொமைன் குரூப். கூடவே ‘டிலீட் ஆல் மெம்பர் யூசர்ஸ்’, ‘டிலீட் ஆல் மெம்பர் குரூப்ஸ்’ இரண்டையும் டிக் செய்யுங்கள். அப்போது அவசரத்துக்கு யாரோ கையால் சேர்த்த பெயர்கள் அடுத்த பாலிசி புதுப்பிப்பில் தானாக நீங்கிவிடும். இயல்பான இடைவெளி 90 நிமிடம், அதோடு 30 நிமிடம் வரை கூடுதல். நெட்வொர்க் குரூப் விஷயத்தில் இந்த டிக் பாதுகாப்பானது. இதே டிக்கை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பில் யோசிக்காமல் போட்டால் ஹெல்ப்டெஸ்க்கே வெளியே நிற்கும்.

பழைய ‘ரிஸ்ட்ரிக்டெட் குரூப்ஸ்’ பாலிசியிலும் செய்யலாம், ஆனால் அதிலுள்ள இரண்டு பட்டியல்களின் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ‘மெம்பர்ஸ்’ பட்டியல் இருக்கும் உறுப்பினர்களை அழித்து எழுதும். ‘மெம்பர் ஆஃப்’ பட்டியல் சேர்க்க மட்டும் செய்யும்.

டொமைன் இல்லாமல் இன்ட்யூன் (மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சாதன நிர்வாகச் சேவை) மட்டும் இருந்தால் லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் என்ற சிஎஸ்பி (இன்ட்யூன் விண்டோஸ் அமைப்புகளை மாற்றும் வழி) வழியாக ஒரு கஸ்டம் பாலிசி அனுப்பலாம். விண்டோஸ் 10-இன் 20ஹெச்2 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. அதிலும் குரூப்பை எஸ்-1-5-32-556 என்று குறிப்பிடுங்கள். ஆக்‌ஷனில் ‘யு’ என்றால் சேர்க்கும், ‘ஆர்’ என்றால் பழையதை அழித்து மாற்றும்.

சேர்த்தும் வேலை செய்யவில்லையா

பயனர் லாக்ஆஃப் செய்து மறுபடி உள்நுழைய வேண்டும். குரூப் உறுப்பினர் விவரம் உள்நுழையும் நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. மூடியை மூடித் திறப்பது போதாது. லேப்டாப் டொமைனைப் பார்க்க முடியாத இடத்தில், சேமித்த பாஸ்வேர்டில் உள்நுழைந்தால் புதிய டொமைன் குரூப் தெரியவே தெரியாது. ஆகவே சைட்டுக்குக் கிளம்பும் முன்பு அலுவலகத்திலோ, லாகினுக்கு முன்பே இணையும் விபிஎன்னிலோ ஒருமுறை உள்நுழையச் சொல்லுங்கள்.

அடுத்த குழப்பம் யுஏசி, அதாவது உயர் உரிமை தேவைப்படும்போது விண்டோஸ் ஒப்புதல் கேட்கும் முறை. இந்தக் குரூப்பின் உரிமையையும் விண்டோஸ் சாதாரண டோக்கனிலிருந்து (உள்நுழைந்தவரின் உரிமைப் பட்டியலிலிருந்து) வடிகட்டித்தான் கொடுக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் ஹூஅம்ஐ கட்டளையை குரூப்ஸ் தேர்வோடு ஓட்டினால் இந்தக் குரூப்பின் எதிரே ‘டினை ஒன்லி’ என்று வரும். அதைப் பார்த்து உரிமை மறுக்கப்பட்டது என்று பயப்பட வேண்டாம், அதுதான் இயல்பு. பிராப்பர்ட்டிஸ் அழுத்தும்போது யுஏசி ஜன்னல் வரும். பெரும்பாலான பயனர்கள் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது என்று நினைத்து அங்கேயே நிறுத்திவிடுவார்கள். தங்கள் சொந்தப் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் போதும் என்று ஒரு வரி அறிவிப்பில் எழுதிவிடுங்கள். பாதி அழைப்புகள் அதிலேயே குறையும்.

யுஏசி ஜன்னலே வராமல் நேராக மறுத்தால், பாதுகாப்புப் பாலிசியில் சாதாரணப் பயனர்களுக்கான எலிவேஷன் ப்ராம்ப்ட் ‘தானாக மறு’ என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடுமையாகப் பூட்டப்பட்ட நிறுவனங்களில் அது வழக்கம். அந்தப் பாலிசியைத் தளர்த்துவதைவிட, கீழே சொல்லும் டாஸ்க் வழி உங்களுக்கு ஏற்றது.

பயனர்களை எப்போதும் பழைய என்சிபிஏ ஜன்னலுக்கே அனுப்புங்கள். புதிய செட்டிங்ஸ் ஆப்பை விட இந்தக் குரூப்போடு ஒத்துப்போவது அதுதான்.

இந்தக் குரூப்பும் தீங்கற்றது அல்ல

சிறிய உரிமைதானே என்று எல்லோருக்கும் வாரிக் கொடுத்துவிடக் கூடாது. 2025 ஜனவரி பாதுகாப்புப் புதுப்பிப்பில் மைக்ரோசாஃப்ட் அடைத்த சிவிஇ-2025-21293 என்ற ஓட்டை இதே குரூப்பைச் சார்ந்தது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் டிஎன்எஸ்கேஷ், நெட்பிடி ஆகிய சர்வீஸ்களின் கீழ் துணைச் சாவி (உட்பதிவு) உருவாக்க இந்தக் குரூப்புக்கு அனுமதி இருந்தது. அங்கே ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று ஒரு சாவியை உருவாக்கி, தன் டிஎல்எல் (நிரல்) கோப்பை பெர்ஃபார்மன்ஸ் கவுன்ட்டராகப் (செயல்திறன் அளவியாகப்) பதிந்துவிட்டால், அந்தக் கவுன்ட்டரைப் படிக்க வரும் சிஸ்டம் புராசஸ் அந்தக் கோப்பையும் முழு உரிமையோடு ஏற்றிவிடும். ஐபி மாற்றக் கொடுத்த உரிமை, மொத்த இயந்திரத்தையும் கைப்பற்றும் உரிமையாகிவிட்டது. 2025 ஜனவரியிலோ அதற்குப் பிறகோ வந்த புதுப்பிப்பு போடாத லேப்டாப் எதிலும் இந்தக் குரூப்பில் ஆள் சேர்க்காதீர்கள். சர்வர்களில் யாரையும் சேர்க்கவே வேண்டாம்.

ஓட்டை இல்லாவிட்டாலும் டிஎன்எஸ் மாற்றும் உரிமை கனமானது. டிஎன்எஸ்ஸை மாற்றுபவர் எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதையே மாற்றுகிறார். தீய நோக்கம் வேண்டியதில்லை. ‘வேகமாக இருக்கும்’ என்று 8.8.8.8 போட்டாலே டொமைன் பெயர்கள் கிடைக்காமல் லாகின் இழுத்துக்கொண்டு நிற்கும், குரூப் பாலிசி வராது, ஃபைல் சர்வர் காணாமல் போகும். இரண்டாவது டிஎன்எஸ்ஸாகத்தானே போட்டேன் என்பார்கள். அதுவும் தவறு: முதல் சர்வர் ஒரு தடவை தாமதித்தாலே விண்டோஸ் இரண்டாவதற்குத் தாவும். டொமைன் லேப்டாப்பில் இரண்டு இடத்திலும் டொமைனின் டிஎன்எஸ் மட்டுமே இருக்க வேண்டும்.

இன்னொரு விபத்து, சைட்டில் போட்ட 192.168.1.1-ஐ அப்படியே வைத்துக்கொண்டு வேறு நெட்வொர்க்கில் செருகுவது. அங்கே கேட்வேயும் 192.168.1.1 என்றால், சுற்றியுள்ள மற்ற கணினிகளின் ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி எந்தச் சாதனத்துடையது என்ற பட்டியல்) இந்த லேப்டாப் கேட்வேயின் இடத்தைப் பிடிக்கக்கூடும். அப்போது அந்தப் பகுதி முழுவதும் இன்டர்நெட் விட்டுவிட்டு அறும். பயனரைத் திட்டிப் பயனில்லை. இதைத் தடுக்க வேண்டிய இடம் ஸ்விட்ச்: டிஹெச்சிபி ஸ்னூப்பிங், அதன்மேல் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷன், ஐபி சோர்ஸ் கார்டு. இவை இயங்கும் துளையில், டிஹெச்சிபி கொடுக்காத அட்ரஸோடு வரும் லேப்டாப் யாருடைய போக்குவரத்தையும் கெடுக்க முடியாது. பயனர்களுக்கு ஐபி மாற்றும் உரிமை கொடுக்கும் முடிவும், ஸ்விட்ச்சில் இவற்றை இயக்கும் முடிவும் ஒன்றாகவே எடுக்கப்பட வேண்டும்.

திரும்பி வரும் வழி

உரிமை கொடுத்த பிறகு வரும் அழைப்புகளில் அதிகம் இதுவாகத்தான் இருக்கும்: சைட்டில் அட்ரஸ் மாற்றியவர் திரும்ப மாற்ற மறந்து அலுவலகம் வந்திருப்பார். நெட்வொர்க் இல்லை, ஆகவே தொலைவிலிருந்து ஹெல்ப்டெஸ்க் உள்ளே வரவும் முடியாது. இதற்கு ஒரு ‘ஆபீஸ் மோடு’ பட்டனை முதலிலேயே வைத்துவிடுங்கள்.

செய்முறை இப்படி. ஈதர்நெட்டை டிஹெச்சிபிக்கு மாற்றும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று. அதில் இரண்டு வரிகள் கட்டாயம்: அட்ரஸை டிஹெச்சிபிக்கு மாற்றுவது ஒன்று, டிஎன்எஸ்ஸை டிஹெச்சிபிக்கு மாற்றுவது இன்னொன்று. நெட்ஷெல்லில் அட்ரஸை மட்டும் மாற்றினால் கையால் போட்ட டிஎன்எஸ் அப்படியே இருக்கும். பிங் போகும், வெப்சைட் திறக்காது என்ற விசித்திரமான நிலை இதனால்தான் வருகிறது. ஸ்கிரிப்ட்டை புரோகிராம் ஃபைல்ஸின் கீழ் ஒரு ஃபோல்டரில் வையுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு டாஸ்க், சிஸ்டம் கணக்கில் ஓடுவது, கணினி தொடங்கும்போது ஒருமுறை தானாக. அந்தத் தானியங்கி ஓட்டமே மறதியில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும். காலையில் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் டிஹெச்சிபி.

அதே டாஸ்க்கைப் பயனரும் ஓட்ட வேண்டும் என்றால், டாஸ்க்கின் செக்யூரிட்டி டிஸ்கிரிப்டரில் யூசர்ஸ் குரூப்புக்குப் படிக்கவும் இயக்கவும் அனுமதி கொடுக்க வேண்டும். டாஸ்க் ஷெட்யூலர் ஜன்னலில் இதற்குப் பட்டன் இல்லை. பவர்ஷெல்லில் ‘ஷெட்யூல் டாட் சர்வீஸ்’ ஆப்ஜெக்ட் வழியாகச் செய்ய வேண்டும். பிறகு டெஸ்க்டாப்பில் அந்த டாஸ்க்கை ஓட்டும் ஷார்ட்கட். எழுதும் அனுமதியை மறந்தும் கொடுக்காதீர்கள். டாஸ்க்கையோ, ஸ்கிரிப்ட்டையோ, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரையோ பயனர் திருத்த முடிந்தால், சிஸ்டம் உரிமையில் எதை வேண்டுமானாலும் ஓட்டும் வழியை நீங்களே திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதே காரணத்தால் ஸ்கிரிப்ட் பயனரிடமிருந்து எந்த உள்ளீட்டையும் வாங்கக் கூடாது.

இதே முறையில் ‘சைட் மோடு’ என்று இன்னொரு டாஸ்க், நிலையான அட்ரஸோடு, வைத்துவிட்டால் அந்த ஆபரேட்டர்ஸ் குரூப்பே தேவையில்லாமல் போகும். அட்ரஸ் வரிசைகள் நான்கைந்துக்குள் அடங்கினால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். கொஞ்சம் கூடுதல் உழைப்பு, ஆனால் யாருக்கும் எந்த உரிமையும் கைமாறவில்லை.

எதற்கும் அடங்காத அவசரம் எப்போதாவது வரும். அதற்கு விண்டோஸ் லாப்ஸ். 2023 ஏப்ரல் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனித்தனி லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட். ஹெல்ப்டெஸ்க் அதை ஃபோனில் படித்துச் சொல்லலாம், நெட்வொர்க்கே இல்லாத சைட்டிலும் வேலை செய்யும். அந்தக் கணக்கு பயன்படுத்தப்பட்ட பிறகு பாஸ்வேர்ட் தானாக மாறும் நேரம் இயல்பாக 24 மணி. அதை ஒன்றிரண்டு மணியாகக் குறைத்துவிடுங்கள்.

மேக், லினக்ஸ் உரிமைகள்

மேக்கில் முன்கூட்டியே அமைத்த சர்வீஸ் போதாவிட்டால், ஆத்தரைசேஷன் டேட்டாபேஸில் இரண்டு பதிவுகளை மாற்ற வேண்டும்: ‘சிஸ்டம் டாட் பிரிஃபரன்சஸ் டாட் நெட்வொர்க்’, ‘சிஸ்டம் டாட் சர்வீசஸ் டாட் சிஸ்டம்கான்ஃபிகரேஷன் டாட் நெட்வொர்க்’. ஒன்றை மட்டும் மாற்றினால் ஜன்னல் திறக்கும், சேமிக்க விடாது. ‘அலவ்’ என்று எழுதினால் யாரையும் எதுவும் கேட்காது. ‘ஆத்தன்டிகேட் செஷன் ஓனர்’ என்று எழுதினால் பயனரின் சொந்த பாஸ்வேர்டைக் கேட்கும். இரண்டாவதே நல்லது, பூட்டாமல் விட்டுப்போன மேக்கில் யாரும் கைவைக்க முடியாது. பெரிய மேக்ஓஎஸ் மேம்படுத்தலுக்குப் பிறகு இந்தப் பதிவுகள் பழைய நிலைக்குப் போயிருக்கக்கூடும். எம்டிஎம் (சாதனங்களை மையத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) ஸ்கிரிப்ட்டாக வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

லினக்ஸில் இந்த அனுமதிகளை முடிவு செய்வது போல்கிட். என்எம்சிஎல்ஐ கட்டளையில் ‘ஜெனரல் பெர்மிஷன்ஸ்’ என்று கேட்டால் இப்போதைய பயனருக்கு எது ‘யெஸ்’, எது ‘ஆத்’, எது ‘நோ’ என்று வரிசையாகக் காட்டும். எப்போதும் அங்கிருந்தே தொடங்குங்கள். திறக்க வேண்டியது ‘செட்டிங்ஸ் டாட் மாடிஃபை டாட் சிஸ்டம்’ என்ற ஒரே செயல். போல்கிட்டின் ரூல்ஸ் டாட் டி ஃபோல்டரில் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் விதி: செயல் இதுவாகவும், பயனர் உங்கள் குரூப்பில் இருப்பவராகவும், அவரது செஷன் லோக்கல் ஆகவும் ஆக்டிவ் ஆகவும் இருந்தால் ‘யெஸ்’. கடைசி இரண்டு நிபந்தனைகளையும் விட்டுவிட்டால் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து வருபவருக்கும் அதே அனுமதி கிடைக்கும். பழைய டெபியன், உபுண்டுவில் எழுதிய பிகேஎல்ஏ (பழைய வடிவ விதி) கோப்புகளைப் புதிய போல்கிட் படிப்பதில்லை. டெபியன் 12-க்கு மேம்படுத்திய பிறகு உரிமை காணாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பூட்ட வேண்டுமானால்

சிலர் எதிர்த் திசையில் கேட்பார்கள்: பயனர் நெட்வொர்க் பக்கத்தையே பார்க்கக் கூடாது என்று. செட்டிங்ஸ் பக்கங்களை மறைக்கும் பாலிசி இருக்கிறது, ஆனால் மறைப்பது வேறு, தடுப்பது வேறு. உரிமை உள்ளவர் கமாண்ட் லைனில் அதே வேலையைச் செய்துவிடுவார். குரூப் பாலிசியில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் என்ற தலைப்பின் கீழுள்ள தடைகள் பல விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தவை. அவற்றைப் போட்டுவிட்டுப் பூட்டிவிட்டோம் என்று நம்பாதீர்கள். உண்மையில் பயன் தருபவை வேறு: கேபிள் இருக்கும்போது வைஃபையைத் துண்டிப்பது, டொமைன் நெட்வொர்க்கில் இருக்கும்போது வெளி நெட்வொர்க்கில் இணைவதைத் தடுப்பது. இரண்டும் விண்டோஸ் கனெக்‌ஷன் மேனேஜர் என்ற பிரிவில் இருக்கின்றன. முதலாவது, ஒரே நேர இணைப்புகளைக் குறைக்கும் பாலிசியில் 3 என்ற மதிப்பு. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து இருக்கிறது. இயந்திரத்தில் கேபிளும் இன்டர்நெட்டுக்கு வைஃபையும் சேர்ந்து வேண்டிய சைட் பொறியாளர்களுக்கு இந்த 3-ஐப் போட்டுவிடாதீர்கள், அவர்கள் வேலையே நின்றுவிடும்.

எல்லோருக்கும் அனுப்பும் முன்

குரூப்பில் யார் சேர்க்கப்பட்டாலும் லேப்டாப்பின் செக்யூரிட்டி லாகில் 4732 என்ற நிகழ்வு பதிவாகும், நீக்கப்பட்டால் 4733. செக்யூரிட்டி குரூப் மேனேஜ்மென்ட் ஆடிட் இயங்கினால்தான் பதிவாகும். அதை இயக்கி, பதிவுகளை ஒரே இடத்தில் சேருங்கள். பாலிசி வழியாக அல்லாமல் ஒரு 4732 வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு ஒரே ஒரு லேப்டாப்பில், உங்கள் அட்மின் கணக்கில் அல்லாமல், பொறியாளரின் கணக்கிலேயே உட்கார்ந்து சோதியுங்கள். அட்ரஸை மாற்றுங்கள், இயந்திரத்துக்குப் பிங் அடியுங்கள். விபிஎன் இயங்கும்போதும் அடித்துப் பாருங்கள். முழுப் போக்குவரத்தையும் இழுக்கும் விபிஎன்கள் பக்கத்தில் இருக்கும் இயந்திரத்தையும் மறைத்துவிடும், அதை உரிமைப் பிரச்சினை என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார்கள். டிஎன்எஸ்ஸையும் வேண்டுமென்றே தவறாகப் போட்டுவிட்டு, ஆபீஸ் மோடு ஷார்ட்கட் இரண்டையும் மீட்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, அதே கணக்கில் நோட்பேடைத் திறந்து, சிஸ்டம் உரிமையில் ஓடும் அந்த ஸ்கிரிப்ட்டில் ஒரு எழுத்தைச் சேர்த்துச் சேமிக்க முயலுங்கள். விண்டோஸ் மறுக்க வேண்டும். சேமித்துவிட்டால் ஃபோல்டர் அனுமதியைச் சரிசெய்யும்வரை வேறு ஒரு லேப்டாப்புக்கும் இதை அனுப்பாதீர்கள்.